இன்டர்கூலரும் பைப்பும்: எஞ்சின் இழுக்கும் காற்றிலிருந்து தொடங்குங்கள்

சுங்கை சிப்புட்டில் அலுமினிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலையெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். என்னிடம் வருவது பெரும்பாலும் டர்போ பைப்பும் இன்டர்கூலரும்தான். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும்; அப்போது சூடாகும் காற்றை வழியில் குளிர்விப்பது இன்டர்கூலர். லாசா, ஜாலோங், லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பையன்கள் வருவார்கள். பலர் இன்டர்கூலரை முன்பே வாங்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "அண்ணே, இதை மாட்டிக் கொடுங்க. பைப் மூணு இன்ச் போட்டுடுங்க." வந்திருக்கும் காடியோ 660 சிசி டர்போ போட்ட கன்சில்.

ஓவர்டைம் செய்து சேர்த்த காசு அது. அந்தக் காசுக்கு வண்டி இன்னும் நன்றாக ஓட வேண்டும், முன்னைவிட மந்தமாகிவிடக் கூடாது. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் என்ன கேட்கிறேனோ, எப்படிக் கணக்குப் போடுகிறேனோ, அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம்: முதலில் எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறது, அடுத்து அதைக் குளிர்விக்க எந்த அளவு கோர் (இன்டர்கூலரின் நடுவில் இருக்கும் குளிர்விக்கும் பகுதி), அப்புறம் அந்தக் கோருக்கு வெளிக்காற்று எப்படிப் போய்ச் சேரும், கடைசியாகத்தான் பைப். ஆனால் எல்லாரும் பைப்பிலிருந்து தொடங்குகிறார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

டர்போ சுடச்சுட இருப்பதால்தான் காற்று சூடாகிறது என்று நினைக்கிறோம். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பங்கு சூடு, காற்றை அழுத்துவதாலேயே வருகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நம்மூர் மத்தியான வெயிலில் காற்று 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ 0.8 பார் பூஸ்ட் கொடுக்கிறது, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அவ்வளவு கூடுதல் அழுத்தம். டர்போவில் காற்றை அழுத்தும் பாகமான கம்ப்ரஸரின் திறன் 70 விழுக்காடு. இந்தக் கணக்கில் டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று ஏறக்குறைய 113 டிகிரி. அதே டர்போவை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் திறன் 60 விழுக்காட்டுக்கு இறங்கும். காற்றும் 126 டிகிரிக்கு ஏறிவிடும். சின்ன டர்போவில் பூஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால் பவர் வராமல் சூடு மட்டும் ஏறுவது இதனால்தான்.

சூடான காற்று மெலிந்த காற்று. அதில் ஆக்சிஜன் குறைவு. அதைவிட மோசம் என்னவென்றால், எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். நம்மில் பெரும்பாலோர் போடுவது ரோன் 95 பெட்ரோல். அதை ஊற்றிக்கொண்டு, நூறு டிகிரிக் காற்றை எஞ்சினுக்குள் அனுப்பிப் பிஸ்டனைக் காப்பாற்ற முடியாது. நல்ல கம்ப்யூட்டர் உள்ள எஞ்சின் தட்டுவதைக் கண்டதும் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளிவிடும். பவர் போகும், எஞ்சின் பிழைக்கும். பழைய ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காடி) எஞ்சினில், தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சரின் வயர் அறுந்து கிடந்தால் எஞ்சினும் பிழைக்காது.

இப்போது நடுவில் ஓர் இன்டர்கூலர். 113 டிகிரியில் வந்த காற்றை 57 டிகிரிக்கு இறக்குகிறது என்றால் அதன் திறன் 70 விழுக்காடு. காற்று 17 விழுக்காடு அடர்த்தி கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோருக்குள் புகுந்து வருவதற்குள் காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். 0.1 பார் இழந்தால் கிடைத்த 17-இல் ஐந்து, ஆறு போய்விடும். 0.2 பார் இழந்தால் 11 விழுக்காடு போய்விடும்; மிச்சம் ஏதோ கொசுறு.

ஆகவே இன்டர்கூலரைப் பார்க்க இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு குளிர்விக்கிறது, எவ்வளவு அழுத்தத்தைத் தின்கிறது. ஒன்றை மட்டும் சொல்லி விற்கிறவரிடம் மற்றதையும் கேளுங்கள்.

காற்றுக் கணக்கு

பயப்பட வேண்டாம், கைப்பேசிக் கால்குலேட்டர் போதும்.

எஞ்சின் கொள்ளளவை லிட்டரில் எழுதுங்கள். அதை அதிகபட்ச ஆர்பிஎம்மில் பாதியால் பெருக்குங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதானே மூச்சு இழுக்கிறது. சிலிண்டர் முழுசாக நிரம்பாது, அதனால் 0.9-ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற எண். அதை எடையாக மாற்ற அடர்த்தியால் பெருக்க வேண்டும். ஓரளவு குளிர்ந்த காற்றுக்கு 0.5 பார் பூஸ்ட்டில் லிட்டருக்கு 1.6 கிராம், 0.8 பாரில் 1.9 கிராம், 1.2 பாரில் 2.2 கிராமுக்குச் சற்று மேலே என்று எடுத்துக்கொள்ளலாம்.

புரோட்டோன் வீராவிலும் சத்ரியாவிலும் நம் ஆட்கள் விரும்பிப் போடும் மிட்சுபிஷி 4ஜி93 டர்போ எஞ்சினை எடுங்கள். 1.8 லிட்டர், 6,000 ஆர்பிஎம், 0.8 பார். 1.8 × 3,000 × 0.9 = 4,860 லிட்டர். 1.9-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 9,234 கிராம், அதாவது நொடிக்கு 154 கிராம். பெட்ரோல் டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நொடிக்கு முக்கால் கிராம் காற்று தேவை என்பது அனுபவக் கணக்கு. 154-ஐ 0.75-ஆல் வகுத்தால் 205. லான்சர் ஜிஎஸ்ஆரில் இந்த எஞ்சின் பிற்பாடு வந்தபோது மிட்சுபிஷி சொன்ன எண்ணும் 205தான். கணக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுலபம். எஞ்சினின் குதிரைத்திறன் தெரிந்தால் 0.75-ஆல் பெருக்கிவிடுங்கள். கன்சிலில் போடும் இஎஃப்-ஜேஎல் எஞ்சினுக்கு 64 குதிரைத்திறன், 48 கிராம். மைவியில் போடும் கே3-விஇடிக்கு 140, 105 கிராம். புரோட்டோனின் சிஎஃப்இ 1.6 டர்போவும் ஏறத்தாழ அதே அளவுதான். டீசலுக்கு மட்டும் இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை இழுக்கும். அதே குதிரைத்திறனுக்கு அதிகக் காற்று ஓடும். தோட்டத்து ஹைலக்ஸ், டிரைடன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

நாளைக்குப் பூஸ்ட் கூட்டப் போகிறேன் என்கிறவர்கள் நாளைய எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் நேர்மையாகப் போடுங்கள். 140 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 400-க்கான சாமான் வாங்கிவைத்தால், அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு காலையும் மந்தமான வண்டியில்தான் வேலைக்குப் போவீர்கள்.

கோர்

நொடிக்கு 154 கிராம் காற்றை 56 டிகிரி இறக்குவது என்றால், ஏறக்குறைய எட்டரை கிலோவாட் சூட்டை வெளியே தள்ள வேண்டும். வீட்டுக் குளியலறையில் மாட்டும் வாட்டர் ஹீட்டர் மூன்றரை கிலோவாட்டுக்குப் பக்கம். அப்படி இரண்டரை ஹீட்டரின் சூடு பம்பருக்குப் பின்னால். அந்தச் சூடு போக இடம் வேண்டும்.

கோரின் அளவில் அகலமும் உயரமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை, தடிமன் பிறகு. முகப்பு பெரிதாக இருந்தால் ஒவ்வொரு ஃபின்னுக்கும் (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடு) புதுக்காற்று கிடைக்கும். தடிமன் கூடினால், பின்வரிசை ஃபின்களுக்கு முன்வரிசை சூடாக்கிவிட்ட காற்றுதான் வரும். தடிமனை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது. பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். நம் காடிகளுக்கு 65 மி.மீ. தடிமனே எனக்குப் பிடித்தது. 76-க்கு மேல் போக நல்ல காரணம் வேண்டும்.

அடுத்தது உள்ளே போகும் வழிகள். கோரின் வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்; கிடைக்கோடுகளாக ஓட்டைகள் தெரியும். காற்று போகும் வழி அவைதான். வழிகள் இரட்டிப்பானால் ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம் பாதியாகும், கோருக்குள் இழக்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும். வழியின் நீளம் கூடினால் இழப்பும் கூடும். ஆகவே நீளமாக, ஒல்லியாக, பம்பர் வாய்க்கு அழகாகப் பொருந்தும் கோர் பெரும்பாலும் அழுத்தத்தை அதிகம் தின்கிற கோர். அதே முகப்பளவில் காற்று மேலிருந்து கீழே போகும்படி செய்த கோர் இழப்பைக் குறைக்கும். பைப் கொண்டுபோவதுதான் சிரமம். சிரமம் என்னுடையது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அளவாகச் சொல்ல வேண்டுமென்றால் என் கணக்கு இது. 100 குதிரைத்திறன் வரைக்கும் கம்பெனி கொடுத்த சின்ன இன்டர்கூலரே நல்ல நிலையில் இருந்தால் போதும். 140-இலிருந்து 200 வரை 450 × 180 × 65 மி.மீ. அல்லது கொஞ்சம் நீளமாக. 200-இலிருந்து 300 வரை 550 × 230 × 65. அதற்கு மேலே போனால்தான் எல்லாரும் ஆசைப்படும் 600 × 300 × 76.

பார்-அண்ட்-பிளேட், டியூப்-அண்ட்-ஃபின் என்று இரண்டு வகை உண்டு. முதலாவது கனம், கல் பட்டால் தாங்கும், கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டும்போது சூட்டைத் தன் உடம்பிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் சூடாகிவிட்டால் ஆறவும் நேரமாகும். இரண்டாவது லேசு, வெளிக்காற்றைப் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குச் சுலபமாக விடும். லோரிகளுக்குப் பின்னால் செம்மண் சாலையில் ஓடுகிற வண்டிக்கு முதலாவதைச் சொல்வேன். ஈப்போ நெரிசலில் தினமும் நிற்கிற வண்டிக்கு இரண்டாவது.

புதுசு வாங்க வேண்டும் என்றில்லை. ஹாஃப்கட் கடையில் கிடக்கும் பெரிய டர்போ வண்டியின் ஒரிஜினல் இன்டர்கூலர், பெயர் தெரியாத புதுச் சாமானைவிட எத்தனையோ மேல். லான்சர் எவோவின் இன்டர்கூலரை 4ஜி93-க்கு மாட்டுவது நம் ஊரில் பழைய வழக்கம். வாங்கும்போது வாயில் விரல் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சாதாரணம். எண்ணெய் வழிந்தால், அந்த வண்டியின் டர்போ சீல் போயிருக்கிறது. நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் அலுமினியப் பொடி பளபளவென்று ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டர்போவின் சக்கரம் உடைந்து துண்டுகள் உள்ளே போயிருக்கின்றன. வழிகளுக்குள் இருக்கும் நெளிநெளித் தகட்டில் அந்தத் துண்டுகள் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் எல்லாம் வராது. ஒருநாள் ஒன்று கழன்று உங்கள் எஞ்சினுக்குள் போகும்.

வெளிக்காற்று

நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். உள்ளே ஓடும் ஒரு கிலோ காற்றைக் குளிர்விக்க, வெளியே இரண்டரை மூன்று கிலோ காற்று அந்த ஃபின்களுக்குள் புகுந்து போக வேண்டும். புகுந்து போக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். காற்றுக்குச் சுற்றிப்போக ஓர் இடுக்கு இருந்தால் அது கோருக்குள் புகவே புகாது. பம்பர் வாய்க்கும் கோருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி திறந்து கிடந்தால், வருகிற காற்றில் பாதி மேலேயும் கீழேயும் ஓடிவிடும். பெரிய கோர் வாங்கிய காசு அந்த இடுக்கில் போகிறது.

ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி, பம்பர் வாயின் நாலு பக்கத்திலிருந்தும் கோரின் விளிம்புவரை ஒரு பெட்டி மாதிரி கட்டுங்கள். தகடும் கோரும் சேரும் இடத்தில் கதவு ரப்பரோ தடித்த ஸ்பாஞ்சோ ஒட்டுங்கள். அவ்வளவுதான். செலவு குறைவு, பார்த்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு சைஸ் பெரிய கோர் வாங்குவதைவிட இதில் கிடைப்பது அதிகம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பொனட் மேல் மூக்கு வைத்த வண்டிகளுக்கும் இதே கதை. இன்டர்கூலர் எஞ்சின் மேலே உட்கார்ந்திருக்கும் ஹைலக்ஸ்களில் பொனட்டின் அடியில், மூக்கைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும். பொனட்டை மூடும்போது அது கோரின் விளிம்பில் அழுந்தி, மூக்கில் வரும் காற்றைக் கோருக்குள் மட்டும் விடும். சில வருட வெயிலில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பொனட்டைத் திறந்து பாருங்கள்: கோரின் விளிம்பில் ஸ்பாஞ்ச் பதிந்த கோடு முழுச் சுற்றும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு விட்டுப்போய் அங்கே மட்டும் தூசி படிந்திருந்தால், காற்று அந்த வழியாகத் தப்புகிறது. கனமாகச் சாமான் ஏற்றி மலை ஏறும்போது இழுக்கவில்லை என்று வரும் வண்டிகளில் இந்த ஸ்பாஞ்சைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இன்டர்கூலர் மாற்றும் செலவே இல்லாமல் போன வண்டிகள் உண்டு.

நம் நாட்டில் ஏர்கோன் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை. முன்னால் மாட்டும் இன்டர்கூலர் ஏர்கோன் கண்டென்சருக்குப் போகும் காற்றை மறைப்பதோடு தன் சூட்டையும் அதன் மேல் ஊதும். டிராபிக் லைட்டில் நிற்கும்போது ஏர்கோன் சூடாக ஊதுகிறது என்றால் காரணம் இதுதான். கோருக்கும் கண்டென்சருக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது விடுங்கள். ரேடியேட்டர் விசிறியின் ஷ்ரவுட், அதாவது அந்தப் பிளாஸ்டிக் கூடு, கட்டாயம் இருக்க வேண்டும். இடம் பற்றவில்லை என்று அதைக் கழற்றி எறிகிறவர்களை நான் பார்க்கிறேன். கூடு இல்லாத விசிறி தனக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். கோரின் உயரத்தை ரேடியேட்டரின் பாதியோடு நிறுத்துவதும் நல்லது.

அப்புறம் மண். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குப் பின்னால் மழைக்காலத்தில் ஒரு வாரம் ஓடினால் போதும், ஃபின்களுக்கு நடுவே செம்மண் அப்பி, வெயிலில் காய்ந்து செங்கல்லாகிவிடும். தண்ணீர்க் குழாயைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவாகப் பிடித்துக் கழுவுங்கள். வாட்டர் ஜெட் அடித்தால் ஃபின்கள் மடங்கிப் படுத்துவிடும். பிறகு காற்று போக வழியே இருக்காது.

பைப்

பைப்பில் காற்று எவ்வளவு வேகமாக ஓடலாம் என்றால், ஒலியின் வேகத்தில் பத்தில் நாலு பங்கு, அதாவது நொடிக்கு 130, 140 மீட்டர் என்பது மேல் எல்லை. அதற்குள் எவ்வளவு கீழே இருக்கிறோமோ அவ்வளவு நிம்மதி. நம் 205 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 2 இன்ச் பைப் போட்டால், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே சூடான காற்று நொடிக்கு 54 மீட்டர். இன்டர்கூலரைத் தாண்டிக் குளிர்ந்த காற்று 46 மீட்டர். எல்லையில் பாதிகூட இல்லை. இரண்டரை மீட்டர் நீளம், ஆறு வளைவு என்று வைத்து இழப்பைக் கணக்கிட்டால் 0.05 பாருக்குப் பக்கம் வரும். இரண்டரை இன்ச்சுக்குப் போனால் 0.02 பார். மூன்று இன்ச்சுக்குப் போனால் இன்னும் ஒரு பாரின் நூறில் ஒரு பங்கு மிச்சமாகலாம். உங்கள் மீட்டரின் முள்ளுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் பைப்பின் உள் இடம்? 2 இன்ச்சுக்கு நாலரை லிட்டர், இரண்டரை இன்ச்சுக்கு ஏழு லிட்டர், மூன்று இன்ச்சுக்குப் பத்தரை லிட்டர். காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதெல்லாம் டர்போ அந்த இடத்தை நிரப்பிய பிறகே எஞ்சினுக்குப் பூஸ்ட் போகும். 1.8 லிட்டர் எஞ்சினுக்கு இந்தத் தாமதம் பத்தில் ஒரு நொடி மாதிரிதான். பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. கன்சிலுக்குக் கணக்கே வேறு. 3,000 ஆர்பிஎம்மில் அந்த எஞ்சின் நொடிக்குப் பதினைந்து லிட்டர்தான் விழுங்குகிறது. அதற்கு இரண்டு மீட்டர் மூன்று இன்ச் பைப் போட்டால் எட்டு லிட்டருக்கு மேல் இடம். ஒன்றரை இன்ச் போட்டால் இரண்டு லிட்டர்கூட இல்லை. கால் நொடிக்கு மேல் வித்தியாசம் வரும். ஜங்ஷனில் சந்து கிடைத்து மிதிக்கும்போது காலில் தெரியும். 64 குதிரைத்திறன் காற்றுக்கு ஒன்றரை இன்ச் பைப்பில் வேகம் நொடிக்கு முப்பது மீட்டருக்குப் பக்கம்தான். தம்பி, அது தாராளம்.

ஆகவே என் அளவுகள்: 100 குதிரைத்திறன் வரை ஒன்றரை அல்லது ஒன்றேமுக்கால் இன்ச், 200 வரை 2 இன்ச், அதற்கு மேல் 350, 400 வரை இரண்டரை. மூன்று இன்ச் அதற்கும் மேலே போகிறவர்களுக்கு. சூடான பக்கத்தை டர்போ வாயின் அளவிலும், குளிர்ந்த பக்கத்தை, எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ரோட்டில் வாயின் அளவுக்கு நெருக்கமாகவும் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்; "ரெண்டு இன்ச் மாதிரி இருக்கு" என்று கையால் காட்டினால் எனக்கு உதவாது. அளவு மாறும் இடத்தில் படிப்படியாக விரியும் ரெடியூசர் போட வேண்டும். சின்னப் பைப்பைப் பெரிய பைப்புக்குள் நுழைத்து ஒட்டினால் அந்தப் படியில் காற்று சுழன்று சக்தி போகும்.

பைப் சைஸைவிட வளைவுதான் பெரிய விஷயம். மேண்ட்ரல் (உள்ளே விட்டு வளைக்கும் அச்சு) வைத்து வளைத்த பைப்பின் உள்வட்டம் வளைவிலும் சுருங்காது. இரண்டு நேர்ப்பைப்பைச் சாய்வாக வெட்டி மூலையாக ஒட்டிய 90 டிகிரி முழங்கை, மெதுவாக வளையும் முழங்கையைவிட நாலு மடங்கு அழுத்தத்தைத் தின்னும். காசு மிச்சம் பிடிக்க இந்த இடத்தில் வெட்டி ஒட்டச் சொன்னால் நான் செய்து தருவதில்லை. ஒரு வளைவைக் குறைக்க பேட்டரியைப் பின்னால் கொண்டுபோக வேண்டுமா, கொண்டுபோவோம்.

ஒட்டும் இடங்களில் கவனிக்க வேண்டியவை சில. பைப்பின் நுனியில் வெளிப்பக்கம் ஒரு சின்ன மேடு சுற்றிலும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மாட்டும் முன் எண்ணெய்ப் பசையை பிரேக் கிளீனரால் துடையுங்கள். டர்போவுக்குப் பக்கத்தில் சிலிக்கோன் ஹோஸ்தான். ரேடியேட்டர் ரப்பர் ஹோஸ் அந்தச் சூட்டில் ஊதி வெடிக்கும். டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். எஞ்சின் மவுண்ட்டில் ஆடும், பாடி ஆடாது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் இடத்தில் நடுவில் புடைத்த ஹோஸ் இல்லாவிட்டால் என் வெல்டிங்கே விரிசல் விடும். இரும்புப் பைப் மலிவுதான், ஆனால் நம் மழைக்கு உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு எஞ்சினுக்குத்தான் போகும்.

எஞ்சினையே மாற்றியவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்துவிடுங்கள். விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாட்டிய பிறகு அளந்து பாருங்கள்

முதலில் லீக் டெஸ்ட். டர்போவின் உறிஞ்சும் வாயை அடைத்து, அதன் வழியே கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வைத்து, உங்கள் பூஸ்ட் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 4ஜி93 மாதிரி, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கும் எஞ்சினில் ஒரு சின்ன லீக் கூடப் பெட்ரோல் கலவையைக் கெடுக்கும். காலை எடுக்கும்போது மிச்ச அழுத்தத்தை விடும் புளோ-ஆஃப் வால்வைக் காற்றில் திறந்துவிடாமல் டர்போவுக்கு முன்னால் திருப்பிவிடுவதும் இந்த எஞ்சின்களுக்கு அவசியம்.

பிறகு இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் பைப்பில் பக்கத்துக்கு ஒரு சின்ன போஸ் (மீட்டர் மாட்டும் மரையுள்ள வாய்) ஒட்டித் தருகிறேன். அதில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் பிரஷர் மீட்டரும் மாட்டலாம். பழைய எஞ்சினில் காற்றுச் சூட்டை அளக்கும் சென்சரும் அந்த ஏர்ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. டர்போவைத் தாண்டிய சூடு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம்தான் அளக்க வேண்டும். சிம்பாங் புலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் ஏற்றம் இதற்கு நல்ல இடம். நீண்ட ஏற்றம், எஞ்சினுக்குச் சுமை நிற்காமல் கிடைக்கும்; வேக வரம்புக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும், ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்.

உள்ளே போகும் சூட்டிலிருந்து வெளியே வரும் சூட்டைக் கழியுங்கள். அதை, உள்ளே போகும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 65-இலிருந்து 75 விழுக்காடு வந்தால் நல்ல வேலை. அழுத்த இழப்பு 0.1 பாருக்குள் இருக்க வேண்டும்.

குளிர்ச்சி குறைவு, ஆனால் அழுத்த இழப்பும் குறைவு என்றால் கோர் சரியான சாமான்தான். வெளிக்காற்று போய்ச் சேரவில்லை, தகட்டுப் பெட்டியைப் பாருங்கள். குளிர்ச்சி நன்றாக இருந்து அழுத்தம் அதிகம் போகிறது என்றால் உள்வழிகள் பற்றவில்லை, அல்லது பழைய எண்ணெய் அடைத்திருக்கிறது. இரண்டுமே மோசம் என்றால் கோரை மாற்றத்தான் வேண்டும். ஏற்றத்தின் ஆரம்பத்தில் நன்றாக இருந்து, போகப்போகச் சூடு ஏறிக்கொண்டே போனால், கோரின் கனம் கொஞ்ச நேரம் காப்பாற்றியிருக்கிறது. அப்போதும் குறை வெளிக்காற்றில்தான். இன்டர்கூலரில் இரண்டும் நன்றாக இருந்தும் த்ரோட்டில் வாயில் பூஸ்ட் குறைவாகக் காட்டினால்தான் பைப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

புது இன்டர்கூலரில் அழுத்த இழப்பு குறைந்தால், டர்போ ஹவுஸிங்கிலிருந்து, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்கு ஹோஸ் போகும் வண்டிகளில் எஞ்சினுக்குப் போய்ச் சேரும் பூஸ்ட் தானாகவே கொஞ்சம் கூடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். முழு மிதியில் ஓட்டும் முன் கலவையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். முதல் வாரம் ஓடி எல்லாம் சூடாகி ஆறிய பிறகு கிளாம்ப்களை மறுபடி ஒரு சுற்று இறுக்க வேண்டும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை, வண்டியைக் கொண்டுவந்தால் போதும்.